கடலா, வயலா, மேற்கத்திப் பாறையா

எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா ஓர் ஊருக்குப் போனது கிடையாது. கல்யாணம் என்றால் போவோம். சாவு என்றால் இன்னும் வேகமாகப் போவோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆஸ்பத்திரி, மாசி மகத்துக்குக் கடல். இவற்றில் ஒரு காரணமும் இல்லாமல் அப்பா கையில் பையோடு குருவிநத்தத்தை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை. அதனால், போன சித்திரையில் நான் "மூணு நாள் எங்கயாவது டூர் போவலாம்" என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது:

"யாரு போய்ட்டாங்க?"

"யாரும் போவலப்பா. நாமதான் போறோம்."

"எதுக்கு?"

"சும்மா. சுத்திப் பாக்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

எனக்கு மூலக்குளத்தில், வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் வேலை. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும், இதுவரைக்கும் கடைசி ஆளும் நான்தான். தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என் ஸ்கூட்டி சத்தத்துக்காகக் காத்திருந்து என்னிடம் நீட்டுவார்கள். நானும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்துச் சொல்வேன். அப்படி நின்று படிப்பதில் ஒரு தோரணை உண்டு என்று எனக்கே தெரியும்.

இப்படிப்பட்ட என்னை அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி அக்கா கவிழ்த்துவிட்டார். அவர் ஒவ்வொரு கோடையிலும் ஊட்டி, மூணாறு என்று எங்காவது போய்விட்டு வந்து, தொப்பி போட்ட போட்டோக்களைக் காட்டுவார். "நீ எங்க போன?" என்று கேட்டார். "சொந்த ஊருக்கு" என்றேன்.

"சொந்த ஊர்லருந்துதான தெனமும் வர்ற?"

அன்று மாலையே மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

படித்த பெண் ஒரு காரியத்தைச் செய்தால் அதில் முறை இருக்க வேண்டும். பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டம் கடல்: தரங்கம்பாடியில் பழைய கோட்டை, கடலைப் பார்த்த மாதிரி ஓர் அறை. இரண்டாவது வயல்: தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓட்டு வீடு, மாட்டு வண்டிச் சவாரி, நாற்று நடும் அனுபவம். மூன்றாவது மேற்கத்திப் பாறை: செஞ்சிக் கோட்டை, மலை ஏற்றம், பனங்காடு. எங்கள் பக்கத்தில் மேற்கத்தி என்றால் ஆற்றுப் பாசனம் போய்ச் சேராத வறண்ட சீமை. மூன்றையும் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முன்னால் விரித்தேன்.

அப்பா வயலில் இருந்து ஆரம்பித்தார்.

"நாத்து நடறதுக்கு அங்க எவ்ளோ குடுப்பாங்க?"

"அவங்க குடுக்க மாட்டாங்கப்பா. நாமதான் குடுக்கணும்."

அப்பா தாளைக் கையில் எடுத்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: "நாம நட்டுட்டு, நாமளே காசும் குடுக்கணும்?"

"டவுன்காரங்களுக்கு அது ஒரு அனுபவம்பா."

"அந்த டவுன்காரங்க போன் நம்பர் ஒங்கிட்ட கீதா? கார்த்திகையில எனக்கு ஆளு கெடைக்கல. அனுபவம் வேணும்ன்ற அளவுக்குக் குடுக்கறேன்."

வயல் போயிற்று. பாறைக்கு வந்தார். "தண்ணி இல்லாத ஊர்ல இன்னா பாக்கறது? கத்திரி வெயில்ல கல்லு மேல ஏறி நின்னா கருவாடு ஆய்டுவோம்." பாறையும் போயிற்று. கடலுக்கு அவர் சொன்ன காரணம் வேறு: "கடலுக்கு மாசி மகத்துக்குப் போலாம், சாம்பல் கரைக்கறதுக்குப் போலாம். ரெண்டும் இல்லாம போய் நின்னா கடலே இன்னாடா வந்தன்னு கேக்கும்."

அம்மா இதெல்லாம் நடக்கும்போது பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தாள். கழுவி முடித்துக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, என் கட்டங்களைத் தலைகீழாகப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கேட்டது ஒரே கேள்வி:

"அங்க அடுப்பு கீதா?"

"எங்கம்மா?"

"மூணு ஊர்லயும்தான்."

"அடுப்பு எதுக்கு? எல்லா எடத்துலயும் அவங்களே சாப்பாடு போடுவாங்க."

"யாரு?"

"அங்க கீறவங்க."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

"தட்டு?"

"அதையும் அவங்களே கழுவிப்பாங்க."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரில உக்காந்த எடத்துக்கே இட்லி வந்துது பாப்பா. வூட்டுக்குப் போன்னு சொன்னப்ப எனக்கு மனசே வரல. இன்னும் கொஞ்சம் வலிக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். நர்சம்மா கண்டுபுடிச்சிட்டாங்க."

எனக்கு இருபத்தைந்து வயது. அதாவது, இருபத்தைந்து வருஷமாக அம்மா அந்த இட்லியை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நடவுக்கு ஆள் வந்தால் அவர்களுக்கும், கரும்பு வெட்டுக்கு ஆள் வந்தால் அவர்களுக்கும் அவள்தான் உலை வைக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால், புடவையைப் பார்த்து நல்லா இருக்கிறது என்று சொல்கிற முன்பே அரிவாள்மனையை நகர்த்தி வைப்பார்கள். சாவு வீட்டில் அழுது முடித்ததும், "நீ கொஞ்சம் பக்கத்து வூட்டு அடுப்பப் பாத்துக்கோம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அவள் வைக்கும் குழம்பு அப்படி. அதுதான் அவளுக்கு வினை.

கட்டம் போட்ட தாளை மடித்து வைத்தேன். கடலோ, வயலோ, பாறையோ, எதுவாக இருந்தால் என்ன? என் அம்மா மூன்று நாள் அடுப்பைத் தொடக் கூடாது. அதுதான் டூர். அப்பாவிடம் "நான் சம்பாதிக்கறேன், நான் கூட்டிப் போறேன்" என்றேன். கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன். தரங்கம்பாடியில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு அறையைப் போனிலேயே பதிவு செய்தேன். பக்கத்து நாற்காலி அக்காவிடமும் "பீச் பக்கம் போறோம்" என்று காதில் விழும்படி சொன்னேன். பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. அம்மா மாற்றுப் புடவை மூன்றை எடுத்து, பையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா டீக்கடைக்குப் போனார். எல்லாம் அங்கேதான் கெட்டது.

டீக்கடையில் யாரோ, "இன்னா, பையெல்லாம் வாங்கிக்கினு போறியாமே, எங்க பயணம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "சும்மா சுத்திப் பாக்கப் போறோம்" என்று அப்பா சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாறு பேர் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வாய் வரவில்லை. வந்தது வேறு.

"கொலசாமிக்கு ஒரு நட போய்ட்டு வரலாம்னு."

அன்று சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவுக்குப் பங்காளி, எங்கள் வகையறாவுக்கே மூத்தவர். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தார். எங்கள் வீட்டில் ஒருவர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தால் பெரிய சண்டை வரப்போகிறது என்று பொருள்.

"கொலசாமி ஒனக்கு மட்டுந்தானாடா?"

அப்பா எழுந்து நின்றார். "அப்படி இல்லண்ணா..."

"பங்காளிங்க நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்? ஊருக்கெல்லாம் டீக்கடையில சொல்ற. எங்கிட்ட சொல்லணும்னு தோணல. ஏழு வருசமா சாமிக்குப் பொங்கல் வெக்கலன்னு நானே கலங்கிக்கினு கீறேன்."

நான் நடுவில் புகுந்தேன். "பெரியப்பா, நாங்க சாமிக்குப் போவல. தரங்கம்பாடிக்குப் போறோம். அப்பா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டாரு."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "சாமி பேர்ல பேச்சுக்குச் சொன்னியா?" என்று பெரியப்பா கேட்ட குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயம் உடனே அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது.

"இல்லண்ணா. போறதுதான். சாமிக்குதான் போறோம்" என்றார் அப்பா.

பெரியப்பா தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் போன பிறகு நான் அப்பாவிடம் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். பட்டம் வாங்கியவள் பேசுகிற பேச்சு இல்லை அது. அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "வாயில வந்துடுச்சே பாப்பா. நான் சொன்னது அதுக்குக் கேட்டிருக்கும். இப்ப கடலுக்குப் போய் நின்னா இன்னா ஆவும்?" அவர் அறிவில் அது பொய் இல்லை. தெரியாத்தனமாகக் கொடுத்துவிட்ட வாக்கு. எங்கள் சாமிக்கு முன்கோபம் என்பது வகையறாவில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதன் பெயரை நான் இங்கே எழுதாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

அந்தச் சாமி இருக்கிற இடம் திருக்கோவிலூருக்கும் மேற்கே, பாறையும் பனையுமான சீமையில். ஆக நான் போட்ட மூன்று கட்டத்தில் அப்பா கருவாடு என்று தள்ளியது ஜெயித்துவிட்டது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று பேர் போகவிருந்த பயணத்தில் மறுநாள் காலைக்குள் இருபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பா ஒரு வேன் பேசினார். அண்டா, குண்டான், கரண்டிகள், விறகு, மூன்று சேவல் என்று பட்டியல் வளர்ந்தது. முதல் நாள் போய், பொங்கல் வைத்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியம் திரும்புவதாக ஏற்பாடு. முறைப்படி, பொங்கலை அறிவித்தவன் பெண்டாட்டிதான் முதல் அடுப்பு மூட்ட வேண்டும். அப்பா டீக்கடையில் அறிவித்திருக்கிறார். எனவே அடுப்பு அம்மாவுடையது. இருபத்து மூன்று பேருக்கு.

நான் விடவில்லை. "சாப்பாட்டைக் கடையில சொல்லிடலாம் பெரியப்பா, பார்சல் கொண்டாந்துடுவாங்க" என்றேன். சாமிக்குப் பார்சலா என்று கேட்டார். "சமையலுக்கு ஒரு ஆளு வெக்கலாம். நான் பாத்துக்கறேன்" என்றேன். வெளியாள் மூட்டிய அடுப்பில் வைத்தால் சாமி திரும்பியும் பார்க்காது என்றார். எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அம்மாவிடம் போனேன். "நீ வராத. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றேன். அம்மா மிளகாயை வறுத்துக்கொண்டு இருந்தாள். தும்மியபடி, "நான் போவலன்னா ஒங்கப்பா மேல பேச்சு வரும்" என்றாள். பைக்குள் இருந்த மூன்று புடவைகளில் இரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தரங்கம்பாடிக்குப் போன் செய்து அறையை வேண்டாம் என்று சொன்னேன்.

வேன் காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் மடியில் மிளகாய்த்தூள் டப்பா. எதிரில் அப்பா, வழி நெடுக நிலத்துக்கு மார்க் போட்டுக்கொண்டு வந்தார். பண்ருட்டி தாண்டியதும் மண் சிவந்தது, "முந்திரிக்குத்தான் ஆவும்." திருக்கோவிலூர் தாண்டியதும் பாறைகள் வந்தன, "இதுக்கும் பட்டா போட்டு வெச்சிருப்பான் பாரு." அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ முணுமுணுத்தாள். வேன் ஆட்டத்தில் குமட்டுகிறது போல என்று எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு இறங்கினோம். நீர் இல்லாத ஓர் ஏரி, அதன் கரை, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய பாறை. நடுவில் ஒரு வேப்ப மரம், காது உடைந்த மண் குதிரைகள், மஞ்சள் துணி கட்டிய கல்லாக எங்கள் சாமி. பக்கத்தில் தகரக் கொட்டகை, ஒரு கைப்பம்பு. வெயில் தலையில் உட்கார்ந்துகொண்டது. பெரியப்பா கையை நீட்டி எல்லை காட்டினார்: "ஏரிக்கரையிலருந்து அந்தப் பாற வரைக்கும் சாமி எல்லை. செருப்பக் கழட்டுங்க. ம், அடுப்பு மூட்டும்மா."

அம்மா அசையவில்லை.

"மாமா, எனக்கு ஒரு வேண்டுதல் கீது" என்றாள் பெரியப்பாவிடம்.

"செஞ்சிடு. அப்புறம் மூட்டு."

"அதான் வேண்டுதலே. சாமி எல்லைக்குள்ள அடுப்பத் தொடமாட்டேன்னு வேண்டிக்கினு கீறேன்."

பெரியப்பா, "இது இன்னா வேண்டுதல்? மொட்ட போடுவாங்க, மண்சோறு சாப்புடுவாங்க. அடுப்பத் தொடமாட்டேன்னு யாராவது வேண்டுவாங்களா?" என்றார்.

"கஷ்டமானதா பாத்துதான வேண்டணும் மாமா? எனக்கு அதுதான் கஷ்டம். அடுப்பத் தொடாம எனக்குக் கையே ஓடாது. ஒங்களுக்குத் தெரியாதா?"

அது உண்மை என்று எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா வேறு பக்கமாக வந்தார். "எதுக்காக வேண்டிக்கின?"

"இவ படிப்புக்காக. எம் பொண்ணு டிகிரி முடிக்கணும், முடிச்சிட்டா ஒன் எல்லையில அடுப்பத் தொடமாட்டேன்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டுதல் பலித்ததற்குச் சாட்சியாக நான் சுடிதாரில் நின்றுகொண்டு இருந்தேன். நான் நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

"அவ முடிச்சி நாலு வருசம் ஆவுதே?"

"அதான் மாமா. இத்தினி நாளா தீக்காம வுட்டுட்டேன். சாமிதான் இவரு வாயில வந்து நம்மள இட்டாந்துச்சி."

பெரியப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்கு இந்த வேண்டுதலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அவர் முகத்தில் அச்சடித்த மாதிரி தெரிந்தது. ஆனால் டீக்கடையில் சாமி பெயரைச் சும்மா சொன்ன மனிதர் அவர். தன் வாயில் சாமிதான் வந்தது என்று யாராவது சொன்னால் அதைவிட நிம்மதி அவருக்கு வேறு இல்லை. "ஆமாண்ணா. எனக்கும் அப்படித்தான் இருந்துது" என்றார்.

"சரி. நீ மூட்டு" என்று பெரியப்பா தன் பெண்டாட்டியிடம் திரும்பினார்.

பெரியம்மா வேப்ப மரத்து நிழலில் ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் அதே வேண்டுதல் கீது."

"ஒனக்கு இன்னாடி?"

"மூட்டு வலி போனா தொடமாட்டேன்னு."

"போவலியே! நேத்துகூடத் தைலம் கேட்டியே!"

"வேன்ல வரும்போது போய்டுச்சி."

பக்கத்தில் சித்தி ஒருத்தி, "எனக்கு எதுக்காகன்னு ஞாவகம் வரல. ஆனா கீது" என்றாள். அதற்கு மேல் யாரும் காரணம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக நிழலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். பெரியப்பா கடைசியாக என்னிடம் வந்தார். "எம்மா, நீ படிச்சவ. நீயாவது..."

"எம் படிப்புக்குத்தான பெரியப்பா வேண்டுதல்? நான் தொட்டா படிச்ச படிப்பு நிக்குமா?"

நான்கு வருஷம் கழித்துத் தேர்வு எழுதிய மாதிரி இருந்தது. பாஸ்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்குக் கல் கூட்டப் போனார். மற்ற ஆண்களும் பின்னால் போனார்கள். அடுத்த இரண்டு மணி நேரம் நடந்தது சமையல் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஈர விறகை மூட்டி, ஊதி ஊதி, பெரியப்பாவின் மீசையில் சாம்பல் படிந்தது. அப்பா அரிசி களைந்த வேகத்தில் கால்வாசி அரிசி கைப்பம்படியில் கிடந்தது, மைனாக்கள் வந்தன. உப்பு எப்போது போடுவது என்று தெரியாமல் அப்பா நிழலைப் பார்த்து, "எம்மே, உப்பு இப்பவா அப்பாலயா?" என்று கத்தினார்.

அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். விரலுக்கு நடுவே என்னிடம், "வாயால சொன்னாலும் தொட்ட மாதிரிதான்னு சொல்லு" என்றாள். நான் போய்ச் சொன்னேன்.

தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். கணக்கு சரி. நான் லிட்டரில் சொன்னேன், அவர்கள் குடத்தில் ஊற்றினார்கள். பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரும் கத்தினோம். அது நிற்காமல் பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. "சாமிக்கு ரொம்ப சந்தோசம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டு மறுபடி ஊத உட்கார்ந்தார். சேவல் குழம்பில் அம்மா இடித்த மிளகாய்த்தூள் டப்பா முழுவதும் போய்விட்டது. அது ஒரு மாதத்துக்கானது.

படையல் முடிந்ததும் பெரியப்பா களைத்துப்போய், "வேண்டுதல்காரங்க மொதல்ல உக்காருங்க" என்றார். அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் இலையைச் சுற்றி வந்தாள். அப்பா சோற்றுக் குண்டானோடு வந்தார். ஒரு கரண்டி போட்டார், நின்றார். இன்னொன்று போட்டார், அம்மா முகத்தைப் பார்த்தார். மூன்றாவது, நான்காவது. அவள் எவ்வளவு சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையலறையில், மிச்சத்தைச் சாப்பிடுகிறவளை யார் பார்த்தது?

"போதும்" என்றாள் அம்மா. பிறகு குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரமா கீதா?" என்றார் அப்பா.

"நல்லா கீது. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அது நன்றாக இல்லை. நான் சாப்பிட்டேன், அதனால் சொல்கிறேன். ஆனால் அம்மா இலையை வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போய், முந்தானையைத் தலைக்கு வைத்து, பட்டப்பகலில் தூங்கிவிட்டாள். வேன் டிரைவர் எதற்கோ வண்டியை நகர்த்தப் போய் ஹாரனில் கை வைத்தார். அப்பா வாளியோடு ஓடிப்போய், "யோவ், அடிக்காதய்யா" என்று தடுத்தார்.

வெயில் தாழ்ந்ததும் நானும் அம்மாவும் ஏரிக்கரையில் நடந்தோம். "எப்பம்மா வேண்டிக்கின? நான் படிச்சப்பவா?" என்று கேட்டேன்.

"வேன்ல. திருக்கோவிலூர் தாண்டும்போது."

"அப்ப அது பொய்யா?"

"சாமிகிட்ட சொல்லிட்டேனே. அப்பறம் இன்னா பொய்?"

இரண்டாம் நாள் காலை பெரியப்பா வேனில் அண்டாவை ஏற்றச் சொன்னார். அம்மா கைப்பம்படியில் முகம் கழுவிக்கொண்டு இருந்தாள். "மாமா, வேண்டுதல் ஒரு நாளைக்கு இல்ல" என்றாள்.

"எத்தினி நாளைக்கு?"

"டிகிரி மூணு வருசம் மாமா. வருசத்துக்கு ஒரு நாள்."

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணை ஐந்தாவதோடு நிறுத்தியிருக்கலாம் என்பது தெளிவாக இருந்தது. நான் மறுபடி நிமிர்ந்து நின்றேன். மருத்துவம் படித்திருந்தால் இன்னும் இரண்டரை நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

தங்கினோம். அப்பாவும் இன்னும் இருவரும் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தார்கள். இரண்டாம் நாள் சோறு வெந்தது. அன்று சாயங்காலம் அப்பா ஒரு ரசம் வைத்தார். அதில் மிளகு எத்தனை நொடி வறுத்தேன் என்று வருகிற போகிறவரிடம் எல்லாம் விளக்கினார். ஆடு மேய்க்க வந்த ஒருவரை நிறுத்தி அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். பெரியப்பா அந்த ரசத்தில் புளி அதிகம் என்று சொல்லிவிட, இருவரும் அரை நாள் பேசிக்கொள்ளவில்லை. பெண்கள் பாறை நிழலில் பல்லாங்குழி ஆடினார்கள், சண்டை போட்டார்கள், சினிமாக் கதை சொன்னார்கள். அம்மா அதே ஒரு மாற்றுப் புடவையைத் துவைத்து, காய வைத்து, மாற்றி மாற்றி உடுத்தினாள். பாறை மேல் ஏறி நின்று, "பாப்பா, இங்கருந்து பாத்தா ரொம்ப தூரம் தெரியுது" என்று கத்தினாள். என்ன தெரிகிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வெறும் பொட்டல்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் கிளம்பினோம். பெண்கள் எல்லாரும் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் அண்டாக்களோடு பின்னால். வேன் ஏரிக்கரையில் ஏறி இறங்கியது. பெரியப்பா எழுந்து கம்பியைப் பிடித்து நின்று, முன்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"எல்லை தாண்டிடுச்சி. ராத்திரி சாப்பாட்டுக்கு ஊர்ல போய் ஒல வெக்கணும். யாரு வெக்கறீங்க?"

பெரியம்மாவின் தலை கம்பியில் ஆடிக்கொண்டு இருந்தது. சித்திக்கு வாய் திறந்திருந்தது. எல்லாப் பெண்களும் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வுடுண்ணா. ரசம் நான் வெக்கறேன்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அதையும் மூடிக்கொண்டாள்.